பாளையங்கோட்டை கேமிங் சென்டரும் மும்பை சர்வரும்: கிளவுட் கேமிங் நம்ம பக்கம் எடுபடுமா?

பாளையங்கோட்டைல கேமிங் சென்டர் வச்சிருக்க அண்ணாச்சி ஒருத்தர் கேட்ட கேள்விக்காக செஞ்ச ஆய்வு இது. முன்னாடி அது பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன்னு ஓடிட்டிருந்த கடை, கொஞ்சங்கொஞ்சமா கேமிங்குக்கு மாத்திட்டாரு. இப்ப பத்து சிஸ்டம் கெடக்கு, எல்லாத்துலயும் ஜிடிஎக்ஸ் 1650-ங்கிற பழைய கிராஃபிக்ஸ் கார்டு. பசங்க வேலரன்ட், ஜிடிஏ 5, கவுன்டர் ஸ்டிரைக் ஆட அது தாங்கும், ஆனா புதுசா வர்ற பெரிய கேம் எதையும் அது இழுக்காது. கார்ட மாத்தணும்னா ஒரு ஆர்டிஎக்ஸ் 4060 முப்பதாயிரத்த ஒட்டி வருது, பத்து சிஸ்டத்துக்கு மூணு லட்சம், சில சிஸ்டத்துல பவர் சப்ளையும் மாத்தணும், 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க வாங்கிக் குவிக்கிறதுல ராம் விலை வேற எகிறிப்போச்சு. இந்த நேரத்துல யாரோ வந்து "கார்டெல்லாம் எதுக்கு, இனிமே எல்லாம் கிளவுட்தான், பழைய சிஸ்டத்த அப்படியே வச்சுக்கிட்டு நெட்ட மட்டும் பெருசா போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. கிளவுட் கேமிங்னா கேம் வேற ஊர்ல உள்ள சர்வர்ல ஓடும், படம் மட்டும் நெட் வழியா வீடியோவா நம்ம சிஸ்டத்துக்கு வரும்.

"தம்பி, நெசமாத்தான் சொல்லுதாங்களா, நம்பி எறங்கலாமா?"ன்னு என்கிட்ட கேட்டாரு.

நான் நெட்வொர்க் வேலை பாக்குறவன். கேபிள் ஆபரேட்டர்களுக்கு ஃபைபர் இழுத்து, வீடுகளுக்குப் போற லைனெல்லாம் வந்து சேர்ற ஓஎல்டிங்கிற பெட்டிய செட் பண்ணிக் குடுக்குறது பொழப்பு, கேமும் ஆடுவேன். வாய் வார்த்தையா பதில் சொல்ல வேண்டாம், கடைலயே வச்சுப் பாத்துருவோம்னு உக்காந்தோம். பாத்ததுல எனக்கு உறுதியா தெரிஞ்சத முதல்லயே சொல்லிடுறேன். கிளவுட் கேமிங் திருநெல்வேலிப் பக்கம் வரும், ஆனா அது எடுபடுறதும் படாததும் ஸ்பீடுல இல்ல. சர்வர் எங்கன இருக்கு, லைன் எவ்ளோ ஒரே சீரா வருது, இந்த ரெண்டுலதான் இருக்கு. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டா போதும்னு சொல்றவங்க இந்த ரெண்டையும் சொல்லவே மாட்டேங்காங்க.

யூடியூப் மாதிரிதானேன்னு நெனச்சா

நெறய பேரு இப்படித்தான் நெனைக்கிறாங்க, வீடியோ ஓடுதுல்லா, கேம் ஓடாதான்னு. வீடியோல அடுத்த அரை நிமிஷத்துக்கு வேண்டியத முன்கூட்டியே எறக்கி வச்சுக்கிடலாம், நடுவுல லைன் ரெண்டு செகண்ட் படுத்தாலும் நமக்குத் தெரியாது. கேம்ல அடுத்த ஃப்ரேம் நீங்க எந்த பட்டன அமுக்கப் போறீங்கங்கிறத வச்சுத்தான் உருவாகும், முன்கூட்டி எறக்குறதுக்கு அங்க ஒண்ணுமே கெடையாது. மவுச அசைச்சா அந்தத் தகவல் மும்பைக்குப் போகணும், அங்க உள்ள ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், படத்த வரையணும், அத எச்.264, ஏவி1 மாதிரி ஒரு முறைல வீடியோவா சுருக்கணும், அது திரும்ப பாளையங்கோட்டைக்கு வரணும், இங்க உள்ள சிஸ்டம் அத விரிச்சு மானிட்டர்ல காட்டணும். செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான், அப்ப போக வர 50 மில்லிசெகண்ட் ஆச்சுன்னா நீங்க மூணு ஃப்ரேம் பழைய உலகத்தப் பாத்துதான் சுடுறீங்க.

தூரத்த கணக்குப் போட்டுப் பாருங்க. ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். திருநெல்வேலில இருந்து மும்பை நேர்கோட்டுல அளந்தாலே 1,200 கிலோமீட்டருக்கு மேல, ஆனா லைன் நேர்கோட்டுல போறதில்ல, அந்தக் கடை கனெக்‌ஷன்ல தகவல் போற வழியக் காட்டுற ட்ரேஸ்ரூட் போட்டுப் பாத்தா முதல்ல சென்னைக்கு ஏறி அங்கேர்ந்துதான் மும்பைக்குத் திரும்புது. அது கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டா, போக வர 20 மில்லிசெகண்ட் வெளிச்சம் ஓடுறதுக்கே போயிரும், நடுவுல உள்ள ரூட்டருங்க எடுத்துக்கிற நேரம் அதுக்கு மேல. இந்த 20-ஐ எந்தக் கம்பெனியும் எவ்ளோ காசு போட்டாலும் குறைக்க முடியாது, சர்வர பக்கத்துல கொண்டு வந்தாலோ லைன் சுத்தாம போனாலோதான் குறையும்.

கடைல வச்சுப் பாத்தது

மும்பைல ஜிபியு உள்ள ஒரு மெஷின மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்து, அதுல சன்ஷைன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு, கடைல உள்ள பழைய சிஸ்டத்துல மூன்லைட் போட்டு ரெண்டையும் இணைச்சோம். சன்ஷைன் கேமை வீடியோவாக்கி அனுப்பும், மூன்லைட் வாங்கிக் காட்டும், ரெண்டுமே ஓபன் சோர்ஸ். வைஃபை வேண்டாம்னு லேன் கேபிள்லயே போட்டோம்.

முதல் தடங்கல் வேலரன்ட்லயே வந்துச்சு. கள்ளாட்டத்த தடுக்குறதுக்கு அதுல உள்ள வேன்கார்ட்ங்கிற சாஃப்ட்வேர் விண்டோஸோட அடிமட்டத்துல போயி உக்காரும், வாடகை மெஷின் மாதிரி, பெரிய சர்வருக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற விர்ச்சுவல் மெஷின்னா விடவே விடாது. கடைக்கு வர்ற பசங்கள்ல பாதிப் பேரு அதுக்காகத்தான் வாராங்க, அப்ப அந்தப் பாதிக்கு கிளவுட் இப்போதைக்கு கதவையே தொறக்கல. கவுன்டர் ஸ்டிரைக் 2-ஐ வச்சுத்தான் பாக்க முடிஞ்சுது.

அளக்குறதுக்கு பெரிய கருவி எதுவும் வேண்டாம், இத யாரும் வீட்ல செய்யலாம். ஃபோன் கேமராவ 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன்ல வச்சு, மவுஸ் மேல வெரலும் மானிட்டரும் ஒண்ணா தெரியுற மாதிரி பிடிக்கணும். வெரல் அமுங்குற ஃப்ரேம்ல இருந்து துப்பாக்கி முனைல நெருப்பு தெரியுற ஃப்ரேம் வரைக்கும் ஒவ்வொண்ணா தள்ளி எண்ணணும், ஒரு ஃப்ரேம் 4 மில்லிசெகண்டுக்கு சொச்சம். கடை சிஸ்டத்துலயே ஆடும்போது பத்துப் பதினஞ்சு ஃப்ரேம்ல நெருப்பு வந்துச்சு. மும்பை மெஷின்ல அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல போச்சு, அதுவும் ஒருதடவ எண்ணுன மாதிரி மறுதடவ இல்ல. மேலப்பாளையத்துப் பையன் ஒருத்தன், கடைல அவன அடிக்க ஆளே இல்ல, அவன்கிட்ட எதுவும் சொல்லாம உக்கார வச்சோம். கொஞ்ச நேரத்துல ஹெட்செட்டக் கழட்டிட்டான். "சுட்டதுக்குப் பொறவுதான் துப்பாக்கிக்கு வெவரம் தெரியுது அண்ணே"ன்னான். அவனுக்கு மில்லிசெகண்ட் கணக்கெல்லாம் வேண்டியதில்ல, கை சொல்லிடுச்சு.

ஆனா அதே மெஷின்ல, அதே லைன்ல, குதிரைல ஏறி ஊர் சுத்தி கதை போற போக்குல ஆடுற ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐப் போட்டுக் குடுத்தா, இன்னொரு பையன் எந்திரிக்கவே மாட்டேன்னுட்டான். 1650 கார்டுல செட்டிங்க்ஸ் எல்லாத்தையும் எறக்கி வச்சு ஆடுனவன் அவன், மரமும் பனியும் அவ்ளோ துல்லியமா முதல் தடவ பாக்குறான். இத நான் லேசா எடுத்துக்கல. நல்ல கார்டு வாங்க வழியில்லாத பசங்களுக்கு இது பெரிய விஷயம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல

பகல்ல பாத்தத வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு சாயங்காலமும் ஓட்டுனோம், நெசமான பிரச்சினை அங்கதான் இருந்துச்சு. பக்கத்து சிஸ்டத்துல, கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல, ஒரு கேம் அப்டேட் எறங்க ஆரம்பிச்சதும் பிங், அதாவது தகவல் போயிட்டு வர்ற நேரம், முப்பது நாப்பது மில்லிசெகண்ட்ல நின்னது நூறத் தாண்டி ஏறுது, படம் கட்டங்கட்டமா சிதறுது, துப்பாக்கி சத்தம் விட்டுவிட்டு வருது. அண்ணாச்சி ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுறாரு, 200 எம்பிபிஎஸ் அப்படியே வருது. "இங்க பாருங்க தம்பி, நெட்டு முழுசா வருது, பொறவு ஏன் இப்படி இழுக்கு?"

ஸ்பீடு குறையல, வரிசை நீண்டுபோச்சு. பெரிய டவுன்லோடு ஒண்ணு லைன முழுசா நெறச்சதும் ரூட்டர்லயும் ஓஎல்டி பக்கமும் பாக்கெட்டெல்லாம், அதாவது துண்டுதுண்டா போற தகவலெல்லாம், வரிசை கட்டி நிக்கும், கேமோட சின்ன பாக்கெட்டும் அதுக்குப் பின்னாடி போயி நிக்கணும். இதுக்கு பஃபர்புளோட்னு பேரு. கேமுக்கு நிலையா 60 மில்லிசெகண்ட் இருக்கிறதவிட, ஒருதடவ 20, ஒருதடவ 120-னு மாறி மாறி வர்றதுதான் மோசம். டவுன் பஸ் தினமும் பத்து நிமிஷம் லேட்டுன்னா நாம அதுக்கேத்த மாதிரி வீட்ட விட்டுக் கெளம்பிக்கிடுவோம், ஒருநாள் முன்னாடியும் ஒருநாள் அரைமணி பின்னாடியும் வந்தா என்னத்த பண்ண முடியும்.

கடைக்குள்ள உள்ள பாதிய சரி பண்ண முடிஞ்சுது. ஓபன்டபிள்யுஆர்டிங்கிற இலவச ரூட்டர் சாஃப்ட்வேர ஏத்துற ஒரு ரூட்டர வாங்கி, அதுல வரிசைய ஒழுங்கு பண்ற எஸ்க்யூஎம் ஆன் பண்ணி, கேக்ங்கிற வரிசை முறைய வச்சு, லைன் வேகத்த வேணும்னே பத்து சதவீதம் குறைச்சு வச்சோம், அப்ப வரிசை நம்ம ரூட்டர்லயே நிக்கும், எத முதல்ல விடணும்னு நாம முடிவு பண்ணலாம். அதுக்குப் பொறவு அப்டேட் ஓடும்போதும் பிங் ஆடல. கிளவுட் வேண்டாம்னாலும் எல்லா கேமிங் சென்டர்லயும் இத செஞ்சுக்கிடணும், கார்டுக்கு செலவழிக்கிறதுல ஒரு துளி கூட ஆகாது.

மீதிப் பாதி நம்ம கைல இல்ல. வீடுகளுக்கு ஃபைபர் பிரிச்சுக் குடுக்குற ஜிபான் முறைல, ஓஎல்டியோட ஒரு போர்ட்டுக்கு கீழ வர்றது மொத்தம் 2.5 ஜிபிபிஎஸ், அத ஸ்பிளிட்டர் வச்சு 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கிடுது. ராத்திரி எட்டு மணிக்கு எல்லா வீட்லயும் சீரியலும் கிரிக்கெட்டும் ஓடும்போது, அதுக்கு மேல ஆபரேட்டர் எவ்ளோ பேண்ட்வித் வாங்கிப் போட்டிருக்காருங்கிறதுதான் கணக்கு. சரியா அந்த நேரத்துலதான் கடைக்கும் பசங்க வாராங்க.

லைன் கட்டாகுறது தனிக் கதை. பாதாள சாக்கடைக்கு ரோட்டத் தோண்டுனா ஃபைபர் போச்சு, ஆடிக்காத்துல கொப்பு முறிஞ்சு விழுந்தா போஸ்ட்டுல தொங்குற கேபிள் போச்சு. 2023 டிசம்பர் 17, 18-ல பெஞ்ச மழைய யாரும் மறந்திருக்க மாட்டோம், காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், வண்ணார்பேட்டையெல்லாம் தண்ணி. தண்ணி வடிஞ்ச பொறவும் பல தெருவுல நெட் வர நாளாச்சு. கரண்ட் வந்து நெட் வராத அந்த மாதிரி நாள்ல, கார்டு உள்ள கடை லேன்ல ஏதாவது ஒரு கேம ஓட்டிக்கிடலாம், கிளவுட நம்புன கடை ஷட்டர எறக்கணும்.

காசுக்கணக்கு

வாடகை மெஷினுக்கு மணிக்கு அம்பது அறுபது ரூபா ஆச்சு. அண்ணாச்சி பசங்ககிட்ட வாங்குறதே மணிக்கு 50 ரூபாதான். அதோட சர்வர்ல இருந்து வெளிய போற டேட்டாவுக்கு தனிக் காசு, 10 எம்பிபிஎஸ்ல ஆடுனா மணிக்கு 4.5 ஜிபி, அந்தக் கட்டணமும் வாடகைய நெருங்கி வந்து நிக்குது. மாச சந்தா கட்டுற கிளவுட் கேமிங் சர்வீஸ் எடுத்தா மலிவுதான், ஆனா அதெல்லாம் தனிநபர் உபயோகத்துக்குன்னு ஒப்பந்தத்துல எழுதியே குடுக்காங்க, கடைல வச்சு மணிக்கணக்குல வாடகைக்கு விட முடியாது. கடைங்களுக்கு முறையான வழி வேணும்னா ஸ்டீமோட சொந்தக்காரங்களான வால்வ் நடத்துற ஸ்டீம் பிசி கஃபே புரோகிராம் மாதிரி இருக்கணும், அது கடைலயே மெஷின் வச்சிருக்கவங்களுக்கானது.

பெரிய கம்பெனிங்களையே இந்தக் காசுக்கணக்குதான் கடிக்குதுன்னு நான் நெனைக்கேன். ஒரு படத்த ஒருதடவ வீடியோவாக்கி வச்சா லட்சம் பேரு அதையே பாக்கலாம், அந்தக் காப்பிய நம்ம ஊர் ஐஎஸ்பியோட, அதாவது நெட் குடுக்குற கம்பெனியோட, ராக்லயே (சர்வர் அடுக்குற அலமாரி) கூட வச்சிருப்பாங்க. கேம்ல ஆளுக்கொரு உலகம், அதனால தலைக்கு இவ்ளோ ஜிபியுன்னு ஒதுக்கியே ஆகணும். அதுலயும் இந்தியா முழுக்க ஒரே கடிகாரம், ராத்திரி எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் எல்லாரும் ஒண்ணா வருவாங்க, அந்த மூணு மணி நேரத்துக்காக வாங்குன கார்டு பகல் முழுக்க சும்மா கெடக்கும்.

முன்னாடி போனவங்க

இது புதுசா வந்த ஆசை இல்ல. ஆன்லைவ்னு ஒரு கம்பெனி 2010-லயே அமெரிக்காவுல கிளவுட் கேமிங் ஆரம்பிச்சுது, 2012-ல சொத்தெல்லாம் கை மாறுச்சு, 2015 ஏப்ரல்ல மூடுனாங்க, காப்புரிமைகள சோனி வாங்கிக்கிட்டுது. சோனி அதுக்கு முன்னாடியே 2012-ல கைக்காய்ங்கிற கம்பெனிய 380 மில்லியன் டாலருக்கு வாங்கிருந்துச்சு, அதுல இருந்துதான் பிளேஸ்டேஷன் நவ்ங்கிற சோனியோட கிளவுட் சர்வீஸ் வந்துச்சு.

எல்லாத்தையும்விட பெரிய பாடம் கூகுளோட ஸ்டேடியாங்கிற கிளவுட் கேமிங் சர்வீஸ். 2019 நவம்பர் 19-ல 14 நாட்டுல ஆரம்பிச்சாங்க, அதுல இந்தியா கெடையாது. தொழில்நுட்பம் மோசமில்ல, 2020 டிசம்பர்ல சைபர்பங்க் 2077 வந்தப்ப பிளேஸ்டேஷன் 4-ல ஓடுனதவிட ஸ்டேடியால நல்லா ஓடுச்சு. ஆனா கேம அங்கன தனியா முழு விலைக்கு வாங்கணும், ஏற்கனவே ஸ்டீம்ல வாங்குனவன் எதுக்கு மறுபடி வாங்குவான்? 2021 பிப்ரவரில சொந்த ஸ்டுடியோவ மூடுனாங்க, 2022 செப்டம்பர்ல நிறுத்தப் போறோம்னு சொன்னாங்க, 2023 ஜனவரி 18-ஓட போச்சு. கூகுள் காசத் திருப்பிக் குடுத்துச்சு, அத ஒத்துக்கிடணும். ஆனா அதுல மாசக்கணக்கா ஆடிச் சேத்த சேவ் பலபேருக்கு காசோட திரும்பி வரல. காசு குடுத்து வாங்குனது நம்ம கைல இல்லைங்கிறது எனக்கு இன்னைக்கும் நெருடுற விஷயம், சிடி வாங்கி அலமாரில வச்சு வளந்த தலைமுறைக்கு இது எளிதா தொண்டைல எறங்காது.

கிராஃபிக்ஸ் கார்டு செய்ற என்விடியாவோட ஜிஃபோர்ஸ் நவ் நெலச்சு நிக்கிறதுக்குக் காரணம், அது நீங்க ஸ்டீம், எபிக் மாதிரி கடைங்கள்ல ஏற்கனவே வாங்குன கேம ஓட்டுது, மெஷின மட்டும்தான் வாடகைக்கு விடுது. மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங்க கேம் பாஸ் சந்தாவோட சேத்துக் குடுக்குது. அரசாங்கங்களும் இத சின்ன விஷயமா பாக்கல, மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன்ங்கிற கேம் கம்பெனிய வாங்கப்போனப்ப பிரிட்டன் போட்டி ஆணையம் 2023 ஏப்ரல்ல கிளவுட் கேமிங்க காரணம் காட்டித்தான் தடுத்துச்சு, கடைசில ஆக்டிவிஷன் கேம்களோட கிளவுட் உரிமைய 15 வருஷத்துக்கு யூபிசாஃப்ட்ங்கிற இன்னொரு கேம் கம்பெனிக்கு எழுதிக் குடுத்த பொறவுதான் அந்த வருஷம் அக்டோபர்ல வாங்க முடிஞ்சுது. இந்தியாவுக்கு வர்றதா என்விடியா 2025 ஜனவரில அறிவிச்சுது, எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பர்ல இங்க தொறந்துச்சு, ஜியோவும் ஜியோகேம்ஸ்கிளவுட்னு ஒண்ணு நடத்துது.

அப்ப யாருக்கு இது?

கல்லிடைக்குறிச்சிலயோ முக்கூடல்லயோ, வீட்ல ஃபைபர் இருந்து, காலேஜுக்கு வாங்குன சாதா லேப்டாப் ஒண்ணு வச்சிருக்க பையனுக்கோ பொண்ணுக்கோ. கதை கேம், ஃபுட்பால், கார் கேம், யோசிச்சு ஆடுற ஸ்ட்ராட்டஜி, இதெல்லாம் மும்பை சர்வர்லயே தாராளமா ஆடலாம். 100 ஜிபி கேம 50 எம்பிபிஎஸ் லைன்ல எறக்க நாலரை மணி நேரம் ஆகும், கிளவுட்ல அந்தக் காத்திருப்பு இல்ல. வீட்டு ஃபைபர்ல மாசம் 3.3 டிபி வரைக்கும் விடுற பிளான் இருக்கதால டேட்டாவும் பயமில்ல. மொபைல் டேட்டால வேண்டாம், தெனம் 1.5 ஜிபி பிளான் 10 எம்பிபிஎஸ்ல இருபது நிமிஷத்துல தீந்துரும்.

எனக்கு உள்ள பெரிய ஆசை ஒண்ணு இருக்கு. கங்கைகொண்டான்ல தமிழ்நாடு அரசோட எல்காட் ஐடி பார்க்குக்கு எடம் இருக்கு, பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காத்தாலை சுத்துது, மாவட்டம் முழுக்க கேபிள் ஆபரேட்டருங்க ஃபைபர் இழுத்து வச்சிருக்காங்க. ஒரு ராக் ஜிபியு அங்கன வந்தா பாளையங்கோட்டைக்கு தூரம் இருபது கிலோமீட்டர்தான், வெளிச்சம் போக வர ஒரு மில்லிசெகண்ட் கூட ஆகாது. சென்னைல அம்பத்தூரும் சிறுசேரியும் டேட்டா சென்டரா நெறஞ்சு கெடக்கு, அங்கன ஜிபியு சர்வர் வந்தாலே மும்பைக்குப் போற தூரத்துல மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சுரும். அவங்கவங்க ஐஎஸ்பிகிட்ட கேக்க வேண்டியது எத்தன எம்பிபிஎஸ்னு மட்டும் இல்ல, சென்னைக்கு பிங் எவ்ளோ, ராத்திரி ஒம்பது மணிக்கும் அதேதானான்னு கேக்கணும்.

கடைக்கு எடுத்த முடிவு

மும்பை கிளவுட நம்பி கடைய மாத்த வேண்டாம்னு அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன். ஆனா அதே தொழில்நுட்பத்த கடைக்குள்ளயே வைக்கலாம்லா? நல்ல கார்டு போட்ட ரெண்டு மெஷின பின்னாடி ரூம்ல வச்சு, அதுல சன்ஷைன் ஓட்டி, ஜிகாபிட் லேன்ல முன்னாடி உள்ள எந்த பழைய சிஸ்டத்துக்கும், சுவத்துல மாட்டுன டிவிக்கும் மூன்லைட்ல அனுப்பலாம். தூரம் முப்பது அடிதான். அந்த மேலப்பாளையத்துப் பையனையே கூப்பிட்டு ஆட வச்சோம், கவுன்டர் ஸ்டிரைக்குக்கு தன்னோட பழைய சீட்டுதான் வேணும்னான், ஃபுட்பாலுக்கு இது போதும்னான். ஒரு கார்டுல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பெரிய கேம் ஆட முடியும், அதனால ரெண்டு மெஷின்னா ரெண்டு பேரு, அதுக்கு மணிக்கு 80 ரூபான்னு தனி ரேட்டு வைக்கலாம்னு அண்ணாச்சி கணக்குப் போட்டிருக்காரு. கேம் ஃபைல ஒரே எடத்துல வச்சு எல்லா சிஸ்டமும் அங்கேர்ந்து எடுக்குற டிஸ்க்லெஸ் முறைக்கும் மாறச் சொல்லிருக்கேன், பத்து சிஸ்டத்துலயும் தனித்தனியா அப்டேட் எறங்குற தொல்லை போயிரும்.

ரெண்டு கார்டுக்கு ஆர்டர் குடுத்தாச்சு. புது ரூட்டர்ல சென்னைக்கும் மும்பைக்கும் நிமிஷத்துக்கு ஒருதடவ பிங் அடிச்சு எழுதி வைக்கிற லாக் ஒண்ணு ஓடிட்டிருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும், அந்த லாக உக்காந்து பாத்துட்டு மத்த எட்டு சிஸ்டத்துக்கு என்ன பண்றதுன்னு முடிவு பண்ணிக்கிடலாம்னு இருக்காரு.